வீணை செய்யும் கைகளும் நம் கைகளும்

இசையைப் பற்றி நம் மலரில் ஆண்டுதோறும் கட்டுரைகள் வருகின்றன. பாடியவர்களைப் பற்றி, வாசித்தவர்களைப் பற்றி, பரிசு பெற்றவர்களைப் பற்றி எழுதுகிறோம். அவர்கள் வாசித்த கருவியைச் செய்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. வீணை தனம்மாள் (1867 – 1938) என்ற பெயரை இசை மாணவியர் அனைவரும் அறிவார்கள். அவர் மடியில் இருந்த வீணையைக் குடைந்த ஆசாரியின் பெயரைச் சொல்லச் சொன்னால் ஆசிரியையும் மாணவியும் சேர்ந்தே விழிக்க வேண்டியதுதான். இந்த மறதி சரியானதன்று என்பதும், இதைப் போக்க நம் பள்ளியாலேயே ஒரு காரியம் செய்ய முடியும் என்பதும் எங்கள் கருத்து.

காரைக்காலில் இருந்துகொண்டு இதைப் பேச நமக்கு உரிமை உண்டு. இவ்வூரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட அம்மையார், திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஏழு சுரங்களையும் அடுக்கிச் சொல்லிவிட்டு, வீணை, மத்தளம், குடமுழா என்று கருவிகளையும் வரிசையாகப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். கருவிகளின் பெயரை இத்தனை கவனத்தோடு அறிந்து வைத்திருந்தவர் நம் ஊர்ப் பெண் என்பதை மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அது போகட்டும்.

நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் வழியே ரயிலில் சென்றால் தஞ்சாவூர். வீணைக்கு அதுவே தலைநகரம். ஏறத்தாழ 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில்தான், அசையாத 24 மெட்டுகளோடு இன்றுள்ள வீணை உருப்பெற்றது என்பர். அதற்கு முன் மெட்டுகளை இராகத்துக்கு ஏற்ப நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது. 24 மெட்டுகள் நிலையாக அமைந்த பிறகு எந்த இராகத்தையும் அதே வீணையில் வாசிக்கலாம் என்றாயிற்று. வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்குப் பக்கவாட்டில் மூன்று, ஆக ஏழு. 2013ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த வீணை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். முதிர்ந்த பலா மரம் வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு மதிப்பு அதிகம். நாம் சுளைக்காக மட்டும் அறிந்திருக்கும் மரம் இது. வெட்டிய மரத்தை உடனே உளிக்குக் கொடுப்பதில்லை. அதன் ஈரம் போகக் காய விடுகிறார்கள். பிறகு வாய்ச்சியால் செதுக்கி, உளியால் குடைந்து, குடத்தை உருவாக்குகிறார்கள். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியே செய்து இணைப்பது ஒரு வகை. குடத்திலிருந்து தண்டியின் முனை வரை ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது இன்னொரு வகை. இதை ஏகாண்ட வீணை என்பார்கள். ஒரே மரத்தில் குடையும்போது ஓரிடத்தில் உளி தவறினாலும் அதுவரை செய்த வேலை முழுதும் வீண். குடத்தின் சுவர் தடித்துப் போனால் ஒலி மந்தமாகும். மெலிந்து போனால் காலப்போக்கில் வெடிக்கும். எங்கே நிறுத்துவது என்பதைக் குடத்தைத் தட்டிக் கேட்டுத்தான் ஆசாரி முடிவு செய்கிறார். இதற்கு அளவுகோல் கிடையாது.

மறு முனையில் உள்ள சுரைக்காய் முன்பு உண்மைச் சுரைக்காயாகவே இருந்தது. முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையைப் பொருத்துவார்கள். இன்று காகிதக் கூழிலும் ஃபைபரிலும் செய்து வைக்கிறார்கள். வாசிப்பவரின் இடது தொடையில் அமர்ந்து வீணையைத் தாங்குவது அதுதான்.

எல்லாவற்றிலும் நுட்பமான வேலை மேளம் கட்டுவது. தண்டியின் மேல் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்பு மெழுகை இரு வரிசையாக வார்த்து, அதன் மேல் 24 உலோக மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். ஒரு மெட்டை வைப்பதும், தந்தியை மீட்டிக் கேட்பதும், ஒரு நூலளவு நகர்த்துவதும், மீண்டும் கேட்பதுமாக வேலை நடக்கும். மெழுகு வெப்பத்துக்கு இளகும், நாளாவட்டத்தில் தளரும். அதனால் சில காலத்துக்கு ஒரு முறை மேளத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். சுரஞானம் இல்லாதவர் இந்த வேலையைத் தொடவே முடியாது. ஆக, பாட்டு வகுப்பில் நாம் ஆண்டுக்கணக்கில் பழகும் செவிப்பயிற்சி ஆசாரியிடமும் இருக்கிறது. அவருக்கு மட்டும் மேடை இல்லை.

கடலுக்கு அப்பால் கிதார் செய்பவர்களும் இதே வழியில்தான் வந்திருக்கிறார்கள். இன்று உலகமெங்கும் வாசிக்கும் கிதாரின் வடிவத்தைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியவர் ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817 – 1892). அவர் தச்சுத் தொழில் பழகியவர். வீணைக்கும் கிதாருக்கும் செய்முறையில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வீணையைக் குடைகிறார்கள்; கிதாரை வளைக்கிறார்கள். ஒரே பலகையைப் புத்தகம் விரிப்பதுபோல் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒட்டி, இழைப்புளியால் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கி மேற்பலகை செய்கிறார்கள். பக்கப் பலகையை இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்து, நீரில் நனைத்து, சூடான இரும்புக் குழாயின் மேல் மெல்ல மெல்ல அழுத்தி இடுப்பு வளைவைக் கொண்டுவருகிறார்கள். தோணி கட்டும் ஆசாரி பலகையைத் தீயில் வாட்டி வளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இத்தனை மெல்லிய மேற்பலகை எவ்வளவு இழுவையைத் தாங்குகிறது தெரியுமா? எஃகுத் தந்தி பூட்டிய கிதாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. ஒரு வளர்ந்த ஆள் எந்நேரமும் அந்தப் பலகையில் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலகையைத் தடிப்பாக வைத்தால் தாங்கும், ஆனால் பாடாது. மெலிதாக வைத்தால் பாடும், ஆனால் வளைந்துவிடும். இந்த இக்கட்டுக்குத் தோரெஸ் தேர்ந்த வழி, உட்புறத்தில் விசிறி மடிப்புப்போல் மெல்லிய சட்டங்களை ஒட்டுவது. ஒலியைத் தருவது மேற்பலகையே என்று காட்டுவதற்காக, 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கிதாரையே உருவாக்கினார். அக்கருவி பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கணக்கு ஆசிரியைகளும் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். கிதாரின் மெட்டுகளைச் செவியால் கட்டுவதில்லை. கணக்குப் போட்டு இடம் குறித்து, வரி அறுத்து, அடித்து இறக்கிவிடுகிறார்கள். தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர் என்றால் அதை 17.817 ஆல் வகுக்க வேண்டும். முதல் மெட்டு 3.65 சென்டிமீட்டரில் வரும். மிஞ்சிய நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், 32.5 சென்டிமீட்டரில், மேல் ஸ்தாயி சட்ஜமாக வந்து நிற்கும். வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தையார் வின்சென்சோ கலிலேயி ஓர் இசை அறிஞர். அவர் 1581இல் வெளியிட்ட நூலில் 18 ஆல் வகுக்கலாம் என்று எளிய வழி சொன்னார். அப்படிச் செய்தால் பன்னிரண்டாவது மெட்டு பாதியை எட்டாமல் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னதாகவே நின்றுவிடும். பெருக்குத்தொடரைக் கரும்பலகையில் மட்டும் படிக்கும் நமக்கு, அந்தத் தவறு காதில் எப்படி ஒலிக்கும் என்று கேட்டறியும் வாய்ப்பு வகுப்பில் கிடைப்பதில்லை. ஒரு பலகையும் ஒரு தந்தியும் இருந்தால் கிடைக்கும்.

இன்னொரு செய்தி. வெளிநாட்டுக் கிதார் என்று நாம் வியந்து பார்க்கும் பலவற்றின் முதுகும் பக்கமும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம் பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது அரிதானதால் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017இல் ஈட்டியின் இனம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளித்தார்கள். மரம் நம்முடையது, கருவி அவர்களுடையது, அதை வாங்கி வந்து நாம் வாசிக்கிறோம். பருத்தி விற்றுத் துணி வாங்கிய பழைய கதை இதில் தெரியவில்லையா?

எங்கள் இசை அறையில் ஒரு கிதார் இருக்கிறது. பாடகர் குழு வழிபாட்டில் வாசிப்பது. 1963ஆம் ஆண்டின் திருச்சங்க ஏட்டுக்குப் பின் ஆலயங்களில் உள்ளூர்க் கருவிகளுக்கும் வழி பிறந்தது என்பதை நம் அருட்சகோதரியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சென்ற ஐப்பசி மழையில் அந்தக் கிதாரின் குதிரை பெயர்ந்து வந்துவிட்டது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் மரம் உப்புவதும் பங்குனி வெயிலில் சுருங்குவதும் இயல்பு. வாங்கிய கடையில் கேட்டதற்கு, பழுது பார்க்கும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார்கள். பெற்றோர் கூட்டத்திலும் அதே பேச்சு எழுந்தது. ஒரு பகுதியினர் புதிய கிதார் என்றனர். இன்னொரு பகுதியினர் மின்சாரக் கீபோர்டு போதும், அதில் வீணை, வயலின், குழல் எல்லாம் ஒரே பொத்தானில் வந்துவிடும் என்றனர்.

பொத்தானில் வருவது வீணையின் ஒலிப்பதிவு. அதைக் குறை சொல்லவில்லை. பயிற்சிக்கு உதவும், விலையும் குறைவு, ஈரக்காற்றுக்கும் அஞ்சாது. ஆனால் கமகத்துக்காகத் தந்தியை மெட்டின் மேல் இழுக்கும்போது விரலுக்கும் தந்திக்கும் இடையே நடப்பது பொத்தானுக்குள் இல்லை. மேலும், பள்ளி வாங்கும் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவருக்கு வேலை கொடுக்கிறது. நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளவருக்கு அந்த வேலை கிடைக்குமா, கப்பலில் வரும் பெட்டிக்குக் கிடைக்குமா என்பதைப் பெற்றோர் கூட்டம் எண்ணிப் பார்த்தல் நலம். ஒரு நல்ல வீணை செய்ய ஆசாரிக்குப் பதினைந்து இருபது நாள் ஆகிறது. அவருடைய பிள்ளைகள் அத்தொழிலை விட்டு விலகிப் போவதில் வியப்பில்லை. நம் வீடுகளிலும் தகப்பனாரின் தொழிலைவிட்டுப் படிப்புக்கு வந்தவர்கள்தானே பலர்? ஆகவே அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை. தொழில் நிலைக்க வேண்டுமானால் பாராட்டுரை போதாது. வாங்குபவர் வேண்டும், கற்பவரும் வேண்டும்.

கற்பவர் என்றால் யார்? இங்கேதான் எங்கள் முழுக் கருத்தும் அடங்கியிருக்கிறது. பெண்கள் வீணை வாசிப்பது அழகு என்று பெண் பார்க்க வரும் வீட்டார்கூடச் சொல்வார்கள். பெண்கள் வீணை செய்வது என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். உளியும் வாய்ச்சியும் பெண் கைக்கு ஆகாது என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமாக இருக்கும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதில்லை. அது ஆசாரி வேலை, நம்மவர் செய்யும் வேலை இல்லை என்பதே அது. படித்த குடும்பங்கள் கைவேலையை ஒரு சாதியிடம் ஒப்படைத்துவிட்டு, அதன் பயனை மட்டும் மடியில் வைத்துக்கொள்கின்றன. பள்ளிக்கூடத்திலும் இந்தப் பாகுபாட்டை விட்டுவைப்பது நியாயமா?

அருட்சகோதரியர் நடத்தும் பள்ளிகளுக்குக் கைவேலை அந்நியமானதன்று. குளூனி புனித சூசையப்பர் சபையினர் 1827இல் புதுச்சேரிக்கு வந்தவர்கள். அங்கே அவர்களுடைய பூத்தையல் கூடத்தில் பெண்கள் செய்யும் வேலைப்பாட்டை வெளிநாட்டவர் தேடி வந்து வாங்குகிறார்கள். ஊசி பிடிக்கும் கை நுணுக்கமானது என்று ஒப்புக்கொள்கிறோம் அல்லவா? கிதாரின் ஓரத்தில் மெல்லிய மர இழை பதிப்பதற்கும் வீணைக் குடத்தில் கொடியும் பூவும் செதுக்குவதற்கும் வேண்டியது அதே நுணுக்கம்தான்.

கனடா நாட்டில் லிண்டா மான்சர் என்ற பெண்மணி இருக்கிறார். 1974இல் டொரான்டோவில் ழான் லாரிவே என்ற கிதார் ஆசானிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1984இல் பாட் மெத்தினி என்ற இசைக் கலைஞருக்காக 42 தந்திகள் கொண்ட கிதார் ஒன்றைச் செய்து முடித்தார். பிக்காசோ கிதார் என்று அதற்குப் பெயர். அதைக் கேட்பவர்கள் மெத்தினியின் பெயரோடு மான்சரின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

நம் பக்கத்திலும் அப்படி நடந்ததுண்டு. ஆடுதுறை அருகே நரசிங்கம்பேட்டை என்ற சிற்றூர் நாதசுரத்துக்குப் பேர் போனது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்து உத்தரங்களையும் தூண்களையும் வாங்கிக் கடைந்து அங்கே நாதசுரம் செய்கிறார்கள். பல்லாண்டுகள் கூரையைச் சுமந்து காய்ந்த மரம்தான் இனி அசையாது என்பது அவர்கள் கணக்கு. சுருதியைத் தாழ்த்தி, சுத்த மத்யமம் சரியாகப் பேசும்படி, 1955இல் திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளைக்கு நீண்ட பாரி நாதசுரத்தைச் செய்து கொடுத்தவர் அவ்வூர் என்.ஜி. ரங்கநாதன் ஆசாரி. வாசித்தவரோடு செய்தவரையும் இன்றளவும் நினைவில் வைத்திருக்கும் அருமையான இடம் இது. அந்த நாதசுரத்துக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்காலில் பழைய வீடுகள் இடிபடும்போது அந்த உத்தரங்கள் எங்கே போகின்றன என்று வீட்டுக்காரர்கள் ஒரு கணம் யோசித்தால் நல்லது. அடுப்புக்குப் போகக்கூடாத மரமும் அதில் இருக்கலாம்.

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் கையாலேயே கிதார் செய்து பெயர் பெற்ற எரிசா நியோகி இருக்கிறார். அங்கேயே ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறை சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்து வருகிறது. ஆகவே இது நடவாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தேர்வு நெருங்கும் பிள்ளைகளுக்கு இது வேண்டாத வேலை என்று பெற்றோர் சொல்வார்கள். ஒரு கிதாரை முதன்முதலில் அடியிலிருந்து செய்து முடிக்க நூறு மணி நேரம் போதாது என்பது உண்மை. அதை நாங்கள் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒரு கைத்தொழில் வகுப்பு, அதில் முதல் ஆண்டு முழுவதும் ஒற்றைத் தந்திப் பெட்டி ஒன்று போதும். ஒரு பலாப் பலகை, இரண்டு குதிரை, ஒரு பிரடை, ஒரு தந்தி. அதில் மெட்டின் இடத்தைக் கணக்கால் குறிப்பது ஒரு வாரம், செவியால் குறிப்பது மறு வாரம். இரண்டும் ஏன் சிறிது வேறுபடுகின்றன என்று கேட்கும் பிள்ளைக்கு இயற்பியல் ஆசிரியையும் பாட்டு ஆசிரியையும் சேர்ந்து பதில் சொல்லட்டும். உளி கையைக் கிழிக்குமே என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு வார்த்தை: வாழைக்காய் நறுக்கவும் மீன் ஆயவும் அரிவாள்மணை கொடுக்கும்போது இந்த அச்சம் யாருக்கும் வருவதில்லை.

குதிரை பெயர்ந்த கிதாரைத் தூக்கி எறியவும் வேண்டாம். மாணவியர் சிலர் அதன் துளை வழியே கைவிளக்கு அடித்து உள்ளே பார்த்தோம். ஒட்டுப்பலகையின் மேல் சட்டங்கள், ஒட்டுப் பசை வழிந்த தடம், ஒரு மூலையில் தொழிற்சாலை எண். அதில் கையெழுத்து ஒன்றும் இல்லை. பழைய குதிரையைச் சுரண்டி எடுத்து, வச்சிரம் காய்ச்சி ஒட்டி, இடுக்கி போட்டு ஒரு நாள் விட்டால் மீண்டும் பாடும் என்று எங்கள் தெரு மரவேலைக்காரர் சொல்கிறார். அதை ஒரு சனிக்கிழமை மாணவியர் முன்னிலையில் செய்யவும் இசைகிறார்.

பெற்றோர் கூட்டத்துக்கு எங்கள் விண்ணப்பம் இதுதான். கீபோர்டுக்கு ஒதுக்கிய தொகையைக் கொண்டு தஞ்சாவூரில் ஒரு வீணைக்கு முன்பணம் கொடுங்கள். கடையில் வாங்க வேண்டாம்; செய்பவரிடமே சொல்லிச் செய்யுங்கள். மரம் பிளக்கும் நாளிலும் மேளம் கட்டும் நாளிலும் எங்களில் பத்துப் பேரையாவது அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஆண்டுச் சுற்றுலாவில் பெரிய கோயிலுக்கு எப்படியும் போகத்தான் போகிறோம். வீணை வந்ததும் அதன் உட்புறத்தில் செய்தவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு ஆசாரி ஒருவரை அழைத்தால், பாட்டு ஆசிரியைக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரையும் ஆசிரியர் வரிசையிலேயே எழுதுங்கள்.